33 இன்ச் டயர்... 70 கொண்டை ஊசி வளைவு... அப்பத்தா எப்படி ஏறுவாங்க?

“பாப்பா, எப்படி இருக்கு?”

ராத்திரி பதினொன்றரைக்கு அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப். கூடவே ஒரு போட்டோ. பொண்ணு பார்த்துவிட்டார்கள்போல என்று ஆசையாகத் திறந்தால்... டயர்! கறுகறுவென்று, விரல் முழுசாக நுழையும் பள்ளத்தோடு பட்டன் வெட்டிய 33 இன்ச் டயர்.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். நாமக்கல்லில் கோழித்தீவனக் கடை வைத்திருக்கிறார். போன தீபாவளிக்கு ஒரு மஹிந்திரா தார் வாங்கினார், செகண்ட் ஹேண்டில். 2020 அக்டோபரில் அறிமுகமான புது தலைமுறை வண்டியின் ஆரம்ப வேரியன்ட். அதை முன்னால் வைத்திருந்தவர் ஸ்பிரிங்குக்கு ஸ்பேசர் கொடுத்து 2 இன்ச் தூக்கிவிட்டிருந்தார். டயர் மட்டும் கம்பெனி டயர். அதனால் வீல் ஆர்ச்சுக்கும் டயருக்கும் நடுவே பெரிய இடைவெளி. “அப்பா சட்டையைப் போட்ட சின்னப் பையன் மாதிரி இருக்கு” என்று அண்ணனின் நண்பர்கள் கிண்டல் செய்ய, அங்கே விழுந்தது விதை.

வீட்டில் யாரும் தடுக்கவில்லை. “உன் காசு, உன் வண்டி” என்றார் பெரியப்பா. ஆனால் அண்ணனே ஒரு தேதி குறித்திருந்தார். ஆடிப் பதினெட்டுக்குக் குடும்பத்தோடு கொல்லிமலை, அறப்பளீசுவரர் கோயில். வண்டியில் அப்பத்தா, பெரியம்மா, அக்காவின் இரண்டு வாண்டுகள். காரவள்ளியில் ஆரம்பித்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது பெரிய விஷயமில்லை. அதே எழுபதையும் இறங்க வேண்டும்.

“நீதான் ஆபீஸ்ல எல்லாத்தையும் பத்தி எழுதுறியே, இதையும் கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லு” என்றார் அண்ணன். விசாரித்ததில் எனக்கே தலை சுற்றியது. தூக்கிவிட்ட ஃபோர் பை ஃபோர் வண்டி உங்கள் வீட்டிலும் நிற்கிறது, டயரை மாற்றலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றால், வாருங்கள்.

‘குனிஞ்சு பாரு அம்மணி!’

முதலில் போனது அப்பாவின் நண்பர் நடத்தும் டயர் கடைக்கு. நாமக்கல்லைச் சொல்லவே வேண்டாம், லாரிக்குப் பாடி கட்டுகிற ஊர். டயர் என்ற வார்த்தையை இங்கே சும்மா உச்சரித்தாலே நாலு பேர் ஆலோசனை சொல்ல வருவார்கள். மாமாவுக்கு நாற்பது வருட அனுபவம். பெரும்பாலும் லாரி டயர், ரீபட்டன் வேலை.

அண்ணன் 33 இன்ச் என்றதுமே மாமா கேட்ட கேள்வி இதுதான்: “வண்டியைத் தூக்கியாச்சு, சரி. கல்லு எங்க இடிக்குது?”

அண்ணன் முழித்தார். மாமா என்னைக் கூப்பிட்டு வண்டியின் பின்பக்கம் குனிந்து பார்க்கச் சொன்னார். இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கிற ஆக்ஸில், அதன் நடுவே பூசணிக்காய் மாதிரி உப்பலாக ஒரு இரும்பு உருண்டை. அதற்குள்தான் டிஃப்ரன்ஷியல். தாரில் பின் ஆக்ஸில் ஒரே துண்டு. அது சக்கரத்தோடு சேர்ந்தே நிற்கும், பாடியோடு தொங்குவதில்லை.

புரிகிறதா? ஸ்பிரிங்குக்கு ஸ்பேசர் போட்டால் ஸ்பிரிங்குக்கு மேலே இருப்பதுதான் உயரும். பாடி உயர்ந்தது, கதவு உயர்ந்தது, சீட் உயர்ந்தது. கல்லில் முதலில் இடிக்கப்போகிற அந்தப் பூசணிக்காய், ஷோரூமிலிருந்து வந்த நாளில் எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கிறது. 2 இன்ச் லிஃப்ட்டால் அதற்குக் கிடைத்த உயரம் பூஜ்ஜியம்!

அப்படியானால் லிஃப்ட் எதற்கு? மேட்டில் ஏறும்போது பம்பர் இடிக்காமல் இருக்க, வண்டியின் வயிறு மேட்டில் உட்காராமல் இருக்க, முக்கியமாகப் பெரிய டயருக்கு ஆர்ச்சுக்குள் இடம் கொடுக்க. ஆக்ஸிலை நிஜமாகவே தரையிலிருந்து உயர்த்துவது டயர் ஒன்றுதான்.

முன்பக்கம் கதை வேறு. தாரில் முன் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன். அங்கே டிஃப்ரன்ஷியல் பாடியோடு சேர்ந்து உயரும், ஆனால் சக்கரத்துக்குப் போகிற ஆக்ஸில் ஷாஃப்ட் சாய்ந்துவிடும். சாய்ந்த கோணத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தால் அதன் ஜாயின்ட்டும், மூடியிருக்கும் ரப்பர் பூட்டும் சீக்கிரம் தேயும். அதற்கு மேல் கனமான டயரையும் மாட்டினால் சுமை இன்னும் கூடும்.

பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஜாதகம்

டயரின் பக்கவாட்டில் எண்களாக எழுதியிருக்குமே, அதை இதுவரை நான் நின்று படித்ததே இல்லை. அண்ணன் வண்டியில் இருந்தது 245/75 ஆர்16. 245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவிகிதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. 245-ல் 75 சதவிகிதம் என்றால் சுமார் 184 மி.மீ. 16 என்பது டிஸ்க்கின் விட்டம், அது மட்டும் இன்ச்சில். (ஏன் பாதி மில்லிமீட்டர், பாதி இன்ச் என்று கேட்டேன். “கேக்காதே” என்றார் மாமா.)

கணக்குப் போட்டால், மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், நடுவே 406 மி.மீ டிஸ்க். மொத்த உயரம் 774 மி.மீ. கிட்டத்தட்ட 30.5 இன்ச்.

அண்ணன் ஆசைப்பட்டது 285/75 ஆர்16. அதன் உயரம் 834 மி.மீ. கடைகளில் ‘33’ என்று சொல்லிக்கொள்ளும் அளவு. வித்தியாசம் 60 மி.மீ. ஆனால் ஆக்ஸில் சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. அதனால் பூசணிக்காய் உயர்வது அதில் பாதிதான், 30 மி.மீ. ஐந்து டயர் வாங்கி, அலைன்மென்ட் பார்த்து, ஆர்ச்சுக்குள் வெட்டி ஒட்டி, இத்தனை செலவுக்கும் கிடைப்பது இரண்டு விரல் உயரம்!

சில இடங்களில் அந்த இரண்டு விரல்தான் வாழ்வா சாவா என்று தீர்மானிக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஐஸ்லாந்தில் 38 இன்ச், 44 இன்ச் டயர் போட்ட வண்டிகள் பனிப்பாறைகள் மேல் ஓடுகின்றன. அங்கே ஆழமான பனியில் புதையாமல் மிதக்க வேண்டும், வேறு வழியே கிடையாது. நாமக்கல்லிலிருந்து சேலத்துக்கு ஜவுளி எடுக்கப் போகிறவருக்கு அது எந்த அளவுக்குத் தேவை என்பதுதான் கேள்வி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பரிசோதனை

பேச்சிலேயே தீராத விஷயம் என்பதால் அண்ணன் ஒரு காரியம் செய்தார். அதே மாடல் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் 285/75 ஆர்16 செட் இருந்தது, முரட்டுப் பட்டன். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கடன் வாங்கி மாட்டினார். நானும் ஏறிக்கொண்டேன்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பார்க்க அட்டகாசமாக இருந்தது. சேந்தமங்கலம் டீக்கடையில் நிறுத்தியபோது மூன்று பேர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நானும் ஒரு ரீல்ஸ் போட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அறுபதைத் தாண்டியதும் வண்டிக்குள் வண்டு மொய்க்கிற சத்தம். பாட்டு வால்யூமை ஏற்றினோம். எண்பதில் கத்திப் பேசினோம். மீட்டரில் 80 காட்டும்போது போனில் ஜிபிஎஸ் பார்த்தால் அதைவிட அதிகம். காரணம் எளிது. மீட்டருக்குச் சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று மட்டும்தான் தெரியும், சக்கரம் பெரிதானது தெரியாது. 774-க்குப் பதில் 834 என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் 7.7 சதவிகிதம் கூடுதல் தூரம். கணக்குப்படி 80 என்று காட்டினால் நிஜம் 86. கம்பெனி மீட்டர்கள் பொதுவாகவே கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்பதால் நடைமுறையில் வித்தியாசம் குறையலாம். ஆனால் ஓடிய தூரமும் குறைவாகவே பதிவாகும். மீட்டரைப் பார்த்து சர்வீஸ் விடுகிறவர்கள் தாமதமாக விடுவார்கள். மைலேஜும் நிஜத்தைவிட மோசமாகத் தெரியும், நிஜமாகவும் கொஞ்சம் மோசமாகும்.

காரவள்ளி தாண்டி ஏற்றம் ஆரம்பித்தது. வழக்கமாக மூன்றாம் கியரில் இழுக்கிற இடத்தில் வண்டி திணற, இரண்டுக்கு மாற்றினார். டயர் பெரிதானால் எல்லா கியரும் கொஞ்சம் ‘நீண்டு’விடும், இன்ஜினுக்குக் கூடுதல் பாரம். ஏழாவதோ எட்டாவதோ வளைவில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தபோது ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் டயரின் தோள், ஆர்ச்சுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கை உரசிய தடம். நேர் சாலையில் இது தெரியாது. வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தாலும் தெரியாமல் போகலாம். ஸ்டீயரிங் முழுசாக ஒடிந்து, அதே நேரத்தில் அந்தப் பக்க ஸ்பிரிங்கும் அமுங்கும்போதுதான் உரசும். கொண்டை ஊசி வளைவு என்பது இரண்டும் சேர்ந்தே நடக்கிற இடம்.

ஆனால் நான் பயந்தது இறங்கும்போதுதான்.

பிரேக்: கீல் பக்கம் நிற்கும் ஆள்

ஒரு கதவை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கீல் ஓரமாக நின்று கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இன்னொருவர் விளிம்பிலிருந்து தள்ளுகிறார். கதவு அகலமாக ஆக, அவருக்குச் சுலபம், உங்களுக்குச் சிரமம். வண்டியில் பிரேக் டிஸ்க்கும் டிரம்மும் கீல் பக்கம் நிற்கும் ஆள். சாலை, விளிம்பில் நின்று தள்ளுகிற ஆள். டயரை மாற்றினோம், பிரேக்கை மாற்றவில்லை. அதே மாதிரி நிற்க, பெடலை முன்னைவிட சுமார் 8 சதவிகிதம் அதிகமாக மிதிக்க வேண்டும்.

அதோடு எடை. இந்த அளவில் முரட்டுப் பட்டன் டயர்கள் பலவும் ஒன்றுக்கு 25 கிலோவைத் தாண்டும். சுற்றுகிற எடை கூடும்போது அதை நிறுத்தவும் பிரேக்குக்கு அதிக வேலை. அதிக வேலை என்றால் அதிக சூடு. எழுபது வளைவு இறக்கத்தில் பிரேக் சூடாவது என்பது சாதாரண சமாசாரம் இல்லை.

இன்னொன்றும் உண்டு, இதை மாமாவின் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவர் அண்ணா சொன்னார். மலையில் எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது அவர்கள் பாடம். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு ஓய்வு. டயர் பெரிதானால் அந்த இன்ஜின் பிடியும் அதே அளவுக்குத் தளரும். ஆக, இறக்கத்தில் இரண்டு பக்கமும் நஷ்டம். அண்ணன் அன்று முழு இறக்கமும் இரண்டாம் கியரிலேயே வந்தார், சில இடங்களில் முதல் கியர். பாட்டை நிறுத்திவிட்டார். எதுவும் பேசவில்லை.

லிஃப்ட்டும் டயரும் சேர்ந்து பாடியை 80 மி.மீ உயர்த்தியிருந்ததையும் வளைவுகளில் உணர முடிந்தது. சக்கரங்களுக்கு இடையேயான அகலம் அதேதான், உயரம் மட்டும் கூடியிருக்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி கொஞ்சம் சாய்ந்து, யோசித்து, நிமிர்ந்தது.

வீட்டு வாசலில் வந்து நின்றோம். அப்பத்தா திண்ணையிலிருந்து எழுந்து வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கதவைத் திறந்தார். காலைத் தூக்கினார். எட்டவில்லை. மறு காலைத் தூக்கிப் பார்த்தார். “ஏனுங்கண்ணு, ஏணி எங்க?” என்றார்.

அளவு பெரிதா, பட்டன் பெரிதா?

அன்று இரவு அண்ணன் கொஞ்சம் சோர்ந்துதான் போனார். ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. ஏனென்றால் அவருக்கு நல்ல டயர் நிஜமாகவே தேவை. தோட்டத்துக்குப் போகிற வண்டிப்பாதை மழைக்காலத்தில் களியாகிவிடும். போன ஐப்பசியில் டிராக்டர் வைத்து இழுத்தார்கள்.

இங்கேதான் நான் பெரிதாகக் கற்றுக்கொண்டேன். மண்ணில், சேற்றில் வண்டியை நகர்த்துவது டயரின் உயரத்தைவிட மற்ற மூன்று விஷயங்கள்: பட்டன், பக்கச் சுவர், காற்று.

பட்டனில் மூன்று குடும்பம். சாதாரண சாலைக்கானது ‘ஹெச்டி’, அதாவது ஹைவே டெரெய்ன். சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவானது ‘ஏடி’, ஆல் டெரெய்ன். சேறு, பாறைக்கானது ‘எம்டி’, மட் டெரெய்ன். நாங்கள் கடன் வாங்கியது எம்டி. பெரிய பெரிய கட்டிகள், நடுவே அகலமான பள்ளம். சுற்றும்போதே சேற்றை உதறிவிடும், அதுதான் அதன் பலம். ஆனால் ஈரத் தார்ச்சாலையில் தரையைத் தொடும் ரப்பரே குறைவு, நீரை வழித்துவிடுகிற மெல்லிய கீறல்களும் குறைவு. மழையில் பிரேக் அடித்தால் ஏடியைவிடத் தள்ளிப்போய்த்தான் நிற்கும். வாரத்தில் ஆறு நாள் தார்ச்சாலையில் ஓடுகிற வண்டிக்கு எம்டி வேண்டாம் என்பது என் கட்சி. எம்டி ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

அகலமும் அப்படித்தான். அகல டயர் மணலில் மிதக்கும், சரி. ஆனால் மேலே களி, கீழே கெட்டித்தரை என்கிற நம் ஊர் தோட்டப்பாதையில் கொஞ்சம் ஒடுக்கமான டயர் களியை வெட்டிக்கொண்டு கீழே இருக்கிற தரையைப் பிடித்துவிடும். மாருதி ஜிம்னியைப் பாருங்கள். அதன் டயர் 195/80 ஆர்15, உயரம் வெறும் 27 இன்ச் சொச்சம். வண்டியின் எடை சுமார் 1,200 கிலோ. அந்த ஒல்லி டயரோடு அது ஏறுகிற இடங்களைப் பார்த்தால் 33 இன்ச் கனவு கொஞ்சம் கலையும்.

அப்புறம் பக்கச் சுவர். தாரின் உயர் வேரியன்ட்டுக்குக் கம்பெனி கொடுப்பது 255/65 ஆர்18. மொத்த உயரம் 789 மி.மீ, அண்ணனின் டயரைவிட 15 மி.மீ அதிகம். ஷோரூம் வாசலில் அதுதான் கம்பீரம். ஆனால் டிஸ்க் 18 இன்ச் என்பதால் பக்கச் சுவர் 166 மி.மீதான். அண்ணனின் ஆரம்ப வேரியன்ட்டில் 184! கல்லில் இறங்கும்போது டிஸ்க் அடிபடாமல் காப்பது அந்தச் சுவர். காற்றைக் குறைத்து ஓட்டவும் அந்தச் சுவர்தான் வேண்டும். விலை குறைந்த வேரியன்ட்டில் மண்ணுக்கு ஏற்ற டயர் வந்திருக்கிறது என்று சொன்னதும் அண்ணன் முகத்தில் பழைய வெளிச்சம்.

காற்று விஷயத்தைத் தோட்டத்திலேயே செய்து பார்த்தோம். பழைய கம்பெனி டயரைத் திரும்ப மாட்டி, பாதையில் தண்ணீர் பாய்ச்சி (பெரியப்பா திட்டினார்), ஃபோர் வீல் டிரைவ் போட்டு இறங்கினோம். சாலையில் ஓட்டுகிற முழுக் காற்றில் நடுவழியில் நின்று சுற்றியது. நான்கு சக்கரத்திலும் 20 பிஎஸ்ஐ-க்கு இறக்கினார் அண்ணன். மெதுவாக, ஆனால் வெளியே வந்துவிட்டது! காற்று குறைந்ததும் டயர் தரையில் நீளமாகப் படுக்கிறது, பிடிக்கிற பரப்பு கூடுகிறது. ஒரு பைசா செலவில்லை.

ஆனால் இதில் இரண்டு எச்சரிக்கை. ரொம்பவும் இறக்கினால் திருப்பும்போது டயர் டிஸ்க்கை விட்டுக் கழன்றுவிடும். அதேபோல, தார்ச்சாலை ஏறும் முன் காற்றைத் திரும்ப நிரப்பியே ஆக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் பக்கச் சுவர் சூடாகி வெடிக்கும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் கம்பெனி சொல்லும் காற்றளவு ஸ்டிக்கரில் இருக்கும். பேட்டரியில் ஓடுகிற சின்ன கம்ப்ரஸர் ஒன்றை வண்டியில் போட்டு வைத்துக்கொள்வது, பெரிய டயரைவிட உபயோகமான செலவு.

ஐந்தாவது டயரும், ஆர்சி புக்கும்

பெரிய டயர் போடுகிறவர்கள் பலர் நான்கு வாங்கிவிட்டு ஸ்டெப்னியைப் பழையதாகவே விட்டுவிடுகிறார்கள். இது பெரிய தப்பு. நடுவழியில் பஞ்சர் ஆகி, ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக இருக்கும் நிலையில் ஃபோர் வீல் டிரைவ் போட்டால், முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற முயன்று கியர்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். ஐந்தும் ஒரே அளவு, முடிந்தால் ஒரே பட்டன். அதிலும் தாரில் ஸ்டெப்னி பின்கதவில் தொங்குகிறது. கனமான ஐந்தாவது டயரை அங்கே மாட்டினால் கதவின் கீலுக்குத்தான் தினமும் தண்டனை.

அடுத்தது சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சியில் இருக்கும் விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. லிஃப்ட் கிட் விற்கும் கடைக்காரர் இதை உங்களிடம் சொல்ல மாட்டார். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பதும் இதைத்தான். சொல்லாமல் செய்த மாற்றம் க்ளெய்மைச் சிக்கலாக்கும். உங்கள் மாடலின் ஏதாவது ஒரு வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுத்திருக்கும் அளவுக்குள் நிற்பது நிம்மதி. அதற்கு மேல் போக ஆசை என்றால், வாங்குவதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கடையில் டயரை எடுத்துப் போடும்போது பக்கச் சுவரில் இன்னும் இரண்டு இடம் பாருங்கள். அளவுக்குப் பக்கத்தில் ‘111எஸ்’ என்பதுபோல ஒன்று இருக்கும். 111 என்றால் ஒரு டயர் 1,090 கிலோ தாங்கும், எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ வரை. முரட்டு டயர்களில் பலவற்றுக்கு ‘க்யூ’ இருக்கும், அது 160. கம்பெனி டயரில் இருந்த சுமை எண்ணுக்குக் குறையக் கூடாது. இரண்டாவது, நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. ஆஃபரில் தள்ளுகிற டயர்களில் இதைக் கட்டாயம் பாருங்கள். மாமா கடையில் பார்த்தபோது, சிரித்துக்கொண்டே ஒரு டயரை உள்ளே எடுத்து வைத்துவிட்டார்!

கடைசியில் அண்ணன் என்ன வாங்கினார்?

அதே 245/75 ஆர்16. அளவில் ஒரு மில்லிமீட்டர்கூட மாற்றமில்லை. ஆனால் பக்கச் சுவர் கெட்டியான நல்ல ஏடி டயர், ஐந்து. கூடவே ஒரு கம்ப்ரஸர், ஒரு காற்று மீட்டர். மிச்சமான பணத்தில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் வேலை பார்த்தார். பழைய டயரில் பின்பக்கம் இரண்டும் கிட்டத்தட்ட மொட்டை. பட்டன் 1.6 மி.மீ-க்குக் கீழே போனால் அது சாலையில் ஓடவே தகுதியில்லாதது. இத்தனை நாள் அதில்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம் என்பதை மாமா காட்டியபோது எல்லாருக்கும் சொரேல் என்றது.

லிஃப்ட்டைக் கழற்றுவதா வேண்டாமா என்ற பஞ்சாயத்து மட்டும் ஒரு மாதம் இழுத்தது. அபராதக் கணக்கைக் காட்டினேன், அசரவில்லை. ஆடி பிறந்த பிறகு ஒருநாள் தானாகவே கொண்டுபோய் ஸ்பேசரை எடுத்துவிட்டு, அலைன்மென்ட் பார்த்துக்கொண்டு வந்தார். ஏன் என்று கேட்டதற்கு, “அப்பத்தாவுக்கு முட்டி வலின்னு சொன்னாங்கல்ல” என்றார். 33 இன்ச் டயர் போட்டோ இன்னும் அவர் போன் வால்பேப்பரில் இருக்கிறது.

ஆடிப் பதினெட்டு அன்று கொல்லிமலையில் ஓரி விழாக் கூட்டம். ஏறும்போது உரசல் சத்தம் இல்லை, இறங்கும்போது பிரேக் வாடை இல்லை. வாண்டுகள் வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்து, நாற்பத்து மூன்றில் தூங்கிப்போனார்கள். அப்பத்தா முன் சீட்டில். லிஃப்ட்டைக் கழற்றியும் அவருக்குக் கொஞ்சம் உயரம்தான். அதனால் பின்பக்கம் ஒரு நீல நிற பிளாஸ்டிக் முக்காலி வருகிறது. வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் அண்ணன் முதலில் இறங்கி ஓடிப்போய் அதை எடுத்துப் போடுகிறார்.